ஸ்லோ குக்கரில் சாக்லேட் ஃபட்ஜ்

ஃபட்ஜ் என்பது சர்க்கரையும் பாலும் கொழுப்பும் சேர்ந்து இறுகிய மென்மையான இனிப்பு. பல்லில் ஒட்டக் கூடாது, கடிக்கும்போது நொறுங்கக் கூடாது, நாவில் வைத்ததும் மெல்லக் கரைய வேண்டும். இவைதான் அதன் இலக்கணம். தமிழ்நாட்டு இனிப்புகளில் பர்பியும் திரட்டுப்பாலும் இதற்கு நெருங்கிய உறவு. இலங்கைத் தமிழர் வீடுகளில் டின்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி, முந்திரி தூவி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி வில்லை போடும் பால் டொபி அநேகமாக ஃபட்ஜேதான். பெயர் மட்டும் வேறு.

ஃபட்ஜ் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. 1886இல் பால்டிமோர் நகரத்துக் கடையொன்றில் அது ஒரு பவுண்டு 40 சென்டுக்கு விற்கப்பட்டதாக வாஸர் பெண்கள் கல்லூரி மாணவி ஒருவரின் கடிதம் சொல்கிறது. அதே மாணவி 1888இல் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் செய்தார். அதன்பின் அது மற்றப் பெண்கள் கல்லூரிகளுக்கும் பரவியது. அவர்கள் செய்தது சர்க்கரைப் பாகு காய்ச்சிச் செய்யும் ஃபட்ஜ். இன்று ஸ்லோ குக்கரில் ஒரு மணி நேரத்தில் செய்யும் எளிய ஃபட்ஜ் அதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இரண்டும் இறுகும் விதம் ஒன்றல்ல. புதுச்சேரி தட்டாஞ்சாவடி போன்ற, கடற்காற்றும் வெயிலும் சேர்ந்த ஊரில் ஃபட்ஜ் செய்ய நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பழைய முறையில் ஃபட்ஜை இறுக்குவது சர்க்கரைப் படிகம். 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையில் அதே தண்ணீரில் 480 கிராமுக்கு மேல் கரையும். பாலும் சர்க்கரையும் கொக்கோவும் கொதித்து நீர் வற்ற வற்ற, பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். 112 முதல் 116 டிகிரிக்குள் வரும்போது, ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலால் உருட்ட வரும். வீடுகளில் உருட்டுப் பதம் என்பது இதைத்தான். அங்கே அடுப்பை நிறுத்தி, அசைக்காமல் 45 டிகிரி அளவுக்கு ஆறவிட வேண்டும். ஆறிய பாகு தன்னால் தாங்க முடியாத அளவு சர்க்கரையைச் சுமந்தபடி நிற்கும். அப்போது மரக்கரண்டியால் விடாமல் அடித்தால் கோடிக்கணக்கான நுண்படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கும். எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றின் அளவும் குறையும். நாவுக்கு வழவழப்பாக இருக்கும். சூடாக இருக்கும்போதே அசைத்துவிட்டாலோ, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரை உள்ளே விழுந்தாலோ, சில படிகங்கள் மட்டும் முளைத்துப் பெரிதாகிவிடும். பாகு பூத்துப்போய் இனிப்பு மணல்மணலாக வரும். பர்பி கிளறுபவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகவே தெரியும்.

எளிய ஃபட்ஜில் இந்தக் கட்டமே கிடையாது. அதில் யாரும் பாகு காய்ச்சுவதில்லை. ஆலையில் ஏற்கெனவே சுண்டக் காய்ச்சப்பட்ட டின்பாலும், ஏற்கெனவே அரைத்து இறுக்கப்பட்ட சாக்லேட்டும் மிதமான சூட்டில் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. ஆறும்போது இறுகுவது சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய். அதாவது பழைய ஃபட்ஜைச் சர்க்கரை நிறுத்துகிறது. எளிய ஃபட்ஜைக் கொழுப்பு நிறுத்துகிறது. சர்க்கரைப் படிகம் 30 டிகிரியிலும் 40 டிகிரியிலும் உருகாது. கொக்கோ வெண்ணெய் உருகும். ஐரோப்பியச் சமையல் குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றியும் புதுச்சேரியில் ஃபட்ஜ் கூழாகவே நிற்பதற்குக் காரணம் செய்தவரின் கைப்பக்குவம் அல்ல, இந்த இயற்பியல்தான்.

டின்பாலைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது பயன் தரும். சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பாலுக்கு 1856இல் அமெரிக்காவில் கெயில் போர்டன் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் நெஸ்லே நிறுவனம் பஞ்சாபின் மோகாவில் 1961இல் ஆலை தொடங்கியது. அதன் மில்க்மெய்டு டின் தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குள் பாயசம் வழியாக நுழைந்தது. இத்தகைய பாலில் குறைந்தது 8 சதவீதம் பால்கொழுப்பும், மொத்தம் குறைந்தது 28 சதவீதம் பால் திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு உணவுத் தரவிதி. ஏறத்தாழ 45 சதவீதம் சேர்த்த சர்க்கரை; எஞ்சியதில் பெரும்பகுதி, அதாவது கால்பங்குக்குச் சற்றே கூடுதல், தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்கச் சர்க்கரையின் பிடியில் இருப்பதால்தான் திறக்காத டின் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸ் இந்த அடர்த்தியில் முழுதாகக் கரைந்திருக்க இயலாது, படிகமாகியே தீரும். எனவே ஆலையில் மிக நுண்ணிய லாக்டோஸ் தூளை விதையாகத் தூவி, படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். நாக்கு 25, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைத்தான் நறநறப்பாக உணரும். பழைய முறையில் கைவலிக்க அடித்துப் பெற வேண்டிய நுண்மையை ஆலை முன்கூட்டியே செய்து டின்னில் அடைத்துத் தருகிறது. எளிய ஃபட்ஜின் எளிமை இங்கிருந்தே தொடங்குகிறது.

அடுத்தது சாக்லேட். கொக்கோ தமிழ் மண்ணுக்கு அவ்வளவு புதிய பயிர் அல்ல. 1798இல் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்த கொக்கோவைக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்துத் தோட்டங்களில் நட்டது. அந்த முயற்சி பரவலான சாகுபடியாக வளரவில்லை. 1965இல் கேட்பரி நிறுவனம் வயநாட்டின் சுண்டேலில் மாதிரித் தோட்டம் அமைத்த பிறகே தென்னிந்தியாவில் கொக்கோ வணிகப் பயிரானது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக வளர்கிறது. காயைப் பிளந்து எடுத்த விதைகளை, வெள்ளைச் சதையோடு, மரப்பெட்டிகளில் ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட்டும் பிறகு அசெட்டிக் அமிலப் பாக்டீரியாவும் வேலை செய்ய, பெட்டியின் உட்பகுதி 45 டிகிரியைத் தாண்டும். விதை முளைக்கும் திறனை இழக்கும். சாக்லேட் வாசனைக்கான மூலப்பொருள்கள் அப்போதுதான் உருவாகின்றன. உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கிய பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதுவே கொக்கோ வெண்ணெய். தட்டாஞ்சாவடியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஆரோவில்லில் மேசன் அண்டு கோ தென்னிந்தியக் கொக்கோ விதையிலிருந்தே சாக்லேட் கட்டி செய்கிறது. பொள்ளாச்சியில் சோக்லெட் நிறுவனம் தன் தோட்டத்து விதையையே பயன்படுத்துகிறது. ஃபட்ஜுக்கான சரக்கு இந்த வட்டாரத்திலேயே உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

பேக்கரிப் பொருள் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் மற்றொரு வகை காம்பவுண்ட் சாக்லேட். விலை குறைவு. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் பனைவித்துக் கொழுப்பு போன்ற தாவரக் கொழுப்பு இருக்கும். கொக்கோத் தூள் நிறமும் சுவையும் தரும். சூடும் குளிர்ச்சியும் மாற்றிப் பதப்படுத்தாமலே இறுகுவதால் வெயில் ஊரில் பலரும் இதை விரும்புகிறார்கள். ஃபட்ஜுக்கும் ஆகும், சுவை மட்டும் ஒரு படி கீழே. ஆனால் உண்மையான சாக்லேட் பாதி, காம்பவுண்ட் பாதி என்று கலப்பது தவறு. இருவகைக் கொழுப்புகளும் ஒன்றின் படிக அடுக்கில் மற்றொன்று பொருந்துவதில்லை. கலவை இரண்டையும்விடக் குறைந்த வெப்பநிலையிலேயே இளகிவிடும். சிக்கனத்துக்காகச் செய்யும் இந்தக் கலப்பு மென்மையான, ஒட்டும் ஃபட்ஜைத்தான் தரும்.

இனி பாத்திரம். ஸ்லோ குக்கர் என்பது தடித்த பீங்கான் பானையும், அதைச் சுற்றி உலோக உறைக்குள் ஓடும் மின்சூடேற்றிக் கம்பியும். அமெரிக்காவின் இர்விங் நாக்ஸன் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையில் பயறும் இறைச்சியும் நிறைந்த பானையை ஊர் ரொட்டி அடுப்பில் வைத்து, அடங்கிய சூட்டில் இரவெல்லாம் வேகவிடும் வழக்கத்தைத் தாயாரிடம் கேட்டதே அவருக்குத் தூண்டுதல். 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, மறு ஆண்டு கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் வைத்துவிட்டு மாலையில் வந்து உண்ணலாம் என்று விளம்பரம் செய்யப்பட்ட கருவி அது.

சாக்லேட்டுக்கு இந்தக் கருவி பொருந்துவதற்குக் காரணம் அதன் பலவீனம்தான். இண்டக்‌ஷன் அடுப்பு 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். சிறிய ஸ்லோ குக்கர் குறைந்த சூட்டில் 100 வாட் அளவிலேயே நிற்கும். பீங்கானில் வெப்பம் அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கும் மேலாக மெதுவாகக் கடக்கும். எனவே அடிப்பகுதியில் ஓரிடம் மட்டும் சிவக்கச் சூடாவது நடவாது. பால்புரதமும் சர்க்கரையும் அடிபிடிக்காது. ஒரு மணி நேரம் ஏன் ஆகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். டின்பாலும் சாக்லேட்டும் சேர்ந்த 900 கிராம் கலவையை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 72 கிலோஜூல் தேவை. சாக்லேட்டிலுள்ள 175 கிராம் கொழுப்பை உருக்க இன்னும் 26 கிலோஜூல். இரண்டு கிலோ பீங்கான் பானையைச் சூடேற்றவே மற்றொரு 72 கிலோஜூல் போய்விடும். மொத்தம் 170. நூறு வாட் கருவிக்கு அது 28 நிமிட வேலை. திறந்த வாயிலும் சுவரிலும் இழக்கும் வெப்பத்தைச் சேர்த்தால் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். செலவாகும் மின்சாரம் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு.

அளவு எளிது. 400 கிராம் டின்பாலுக்கு 500 கிராம் டார்க் சாக்லேட், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா. ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 25, 30 கிராம் வெண்ணெயும் இருக்கும். அதை இங்கே விட்டுவிடுவது நல்லது, காரணம் பின்னால் வரும். பானை உலர்ந்திருக்க வேண்டும். முதலில் டின்பாலை ஊற்றி, அதன்மேல் பொடியாக நறுக்கிய சாக்லேட்டைப் பரப்பினால் சாக்லேட் சூடான பீங்கானை நேரடியாகத் தொடாது. குறைந்த சூட்டில், மூடாமல் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிலிக்கான் கரண்டியால் அடியிலிருந்து மெல்லக் கிளற வேண்டும். கட்டிகள் மறைந்து, பளபளப்பு வந்து, கரண்டியை இழுத்த தடத்தில் பானையின் அடி ஒரு கணம் தெரிந்தால் போதும். சமையல் வெப்பமானி இருந்தால் 70 டிகிரியைத் தாண்டவிடாமல் நிறுத்தலாம். வெனிலாவை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். அதன் வாசனை எளிதில் ஆவியாகும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து ஊற்றினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் நிற்கும். இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 64 துண்டு; ஒவ்வொன்றும் 14 கிராம்.

மூடி போடக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. கலவையிலிருந்து எழும் நீராவி கண்ணாடி மூடியில் குளிர்ந்து, துளிகளாகத் திரும்பி விழும். உருகிய சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரை, கொக்கோத் துகள்கள். அதில் சில துளி நீர் விழுந்தால் துகள்களின் மேற்பரப்பு மட்டும் நனைந்து பிசுக்காகி, ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் கெட்டியான சேறுபோல் திரண்டுவிடும். விந்தை என்னவென்றால், சிறிது நீர்தான் எதிரி. நிறைய நீர் எதிரி அல்ல. டின்பாலில் 100 கிராமுக்கு மேல் தண்ணீர் இருந்தும் ஃபட்ஜ் திரண்டுபோகாமல் இருப்பது அதனால்தான். நீர் போதிய அளவு இருந்தால் சர்க்கரையில் ஒரு பகுதி அதில் கரைந்து தொடர்ச்சியான திரவமாகிவிடும். கொழுப்பு அதற்குள் நுண்துளிகளாகச் சிதறும். பாலின் கேசின் புரதமும் சாக்லேட்டில் சேர்க்கப்பட்ட லெசித்தினும் அந்தத் துளிகளைப் போர்த்தி, ஒன்றுசேர விடாமல் தடுக்கின்றன. ஆனால் தொடக்கத்தில், சாக்லேட் இன்னும் பாலோடு கலக்காமல் மேலே கிடக்கும் வேளையில், மூடியிலிருந்து விழும் சில துளிகள் தனித்தனிக் கட்டிகளை உண்டாக்கிவிடும். சில வீடுகளில் மூடிக்கும் பானைக்கும் இடையே பருத்தித் துணி விரிக்கிறார்கள். அது ஆவியை உறிஞ்சும். எனினும் திறந்து வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது: ஒரு மணி நேரத்தில் சிறிதளவு நீர் வற்றும், ஃபட்ஜ் அந்த அளவுக்கு உறுதிப்படும்.

சூடு மிகுந்துபோனாலோ, அவசரத்தில் வேகமாக அடித்தாலோ, நீர் அளவுக்கு மீறி வற்றினாலோ, போர்வை கிழிந்து கொழுப்பு வெளியேறும். மேலே எண்ணெய் மிதக்கும். கீழே கலவை திரிதிரியாக இருக்கும். இதைக் கொட்டிவிட வேண்டியதில்லை. பானையை அணைத்துவிட்டு, சூடான பாலை ஒரு மேசைக்கரண்டி வீதம் விட்டு, நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கிளறினால் பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துவிடும். கொழுப்புத் துளிகளுக்கு இடையே இருக்கப் போதிய நீர் இல்லாததே சிக்கல் என்பதால் பால்தான் மருந்து. வெண்ணெய் சேர்த்தால் நிலைமை மோசமாகும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். அடுத்து வருவது இறுகும் கட்டம். தட்டாஞ்சாவடி புதுச்சேரி நகரின் வடமேற்கில், திண்டிவனம் சாலையை ஒட்டிய பகுதி. தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் அதன் அடையாளங்கள். கடல் சில கிலோமீட்டரில்தான். மே, ஜூன் பகல்களில் 36, 37 டிகிரி வெப்பம் சாதாரணம். கூரையடி அறைகளில் இரவிலும் 30க்குக் கீழே இறங்குவது அரிது. மார்கழி இரவுகள் மட்டுமே 21, 22 டிகிரிக்கு வரும். கொக்கோ வெண்ணெய்க்கு இந்த எண்கள் மிக முக்கியம்.

கொக்கோ வெண்ணெயின் மூலக்கூறுகள் ஆறு விதமாக அடுக்கிக்கொள்ள வல்லவை. முதல் வடிவம் 17 டிகிரியிலேயே உருகும். நான்காவது 27, 28 டிகிரியில். நல்ல சாக்லேட் கட்டியில் இருப்பது ஐந்தாவது வடிவம். அது 33, 34 டிகிரி வரை தாங்கும். வாயின் சூட்டுக்குச் சற்றே கீழே என்பதால்தான் சாக்லேட் கையில் நின்று வாயில் கரைகிறது. கட்டியை 70 டிகிரிக்குச் சூடாக்கியதும் ஐந்தாவது வடிவத்தின் சுவடே அழிந்துவிடும். தட்டில் தானாக ஆறும் கலவை தாழ்ந்த வடிவங்களில்தான் இறுகும். குளிர்பதனப் பெட்டியில் கல்லாக இருக்கும் ஃபட்ஜ் மேசைக்கு வந்த சில நிமிடங்களில் தளர்வதற்கு இது பாதிக் காரணம்.

மீதிக் காரணம் பால்கொழுப்பு. 30 டிகிரியில் தூய கொக்கோ வெண்ணெயில் ஏறக்குறைய பாதி இன்னும் திடமாக இருக்கும். பால்கொழுப்பு அநேகமாக முழுவதும் உருகியிருக்கும். இரண்டும் கலந்தால் உருகிய கொழுப்பு திடக் கொழுப்பையும் ஓரளவு கரைத்து இளக்கும். எனவே மொத்தக் கொழுப்பில் பால்கொழுப்பின் பங்கு என்ன என்பதே வெயில் ஊரில் ஃபட்ஜின் விதியைத் தீர்மானிக்கிறது. டார்க் சாக்லேட் 500 கிராமில் ஏறத்தாழ 175 கிராம் கொக்கோ வெண்ணெய். டின்பாலில் 32 கிராம் பால்கொழுப்பு. பால்கொழுப்பின் பங்கு 15 சதவீதம். குறிப்பில் சொன்னபடி 25 கிராம் வெண்ணெய் சேர்த்தால் அது 23 சதவீதமாகும். டார்க்குக்குப் பதில் மில்க் சாக்லேட் போட்டால் கதையே மாறிவிடும்: அதில் கொக்கோ வெண்ணெய் 120 கிராம் அளவே இருக்கும், அதனுடனே 25, 30 கிராம் பால்கொழுப்பும் வரும். வெண்ணெயும் சேர்ந்தால் பால்கொழுப்பின் பங்கு 40 சதவீதத்தை எட்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் விடுவதும் இதே வகைதான். அது 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். லண்டன் வீட்டின் 20 டிகிரி அறையில் இவை எல்லாமே இறுகும். புதுச்சேரியில் வெண்ணெய் சேர்க்காத டார்க் சாக்லேட் ஃபட்ஜ் ஒன்றுதான் ஓரளவு நம்பத்தக்கது. உள்ளூர்ப் பாண்லே நிறுவன வெண்ணெயின் சுவை வேண்டும் என்பவர்கள் தட்டில் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது வடிவத்தை ஒரு பகுதியாவது மீட்க வழி உண்டு. 500 கிராமில் 60 கிராம் சாக்லேட்டைத் துருவித் தனியே வைத்துக்கொண்டு, மற்றதை மட்டும் உருக்க வேண்டும். கலவை 33 டிகிரி அளவுக்கு, அதாவது உதட்டில் வைத்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் அளவுக்கு, ஆறியதும் துருவலைக் கலந்து உடனே தட்டில் கொட்டிப் பரப்ப வேண்டும். துருவலில் உருகாமல் எஞ்சும் படிகங்கள் விதையாக நின்று, சுற்றியுள்ள கொழுப்பைத் தம் வடிவத்துக்கு இழுக்கும். கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறியிருப்பதால் சாக்லேட் கட்டியில்போல் முழுப் பலன் கிடைக்காது. ஆனால் துருவல் சேர்த்த ஃபட்ஜ் வெட்டும்போது விளிம்பு கூராக நிற்பதில் வித்தியாசம் தெரியும். கோடையில் சாக்லேட்டை 50 கிராம் கூட்டிக்கொள்வதும் உதவும்.

அறையிலேயே இறுகட்டும் என்று காத்திருப்பது மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் வீண். தட்டு ஓரளவு ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். அங்கே காத்திருப்பது அடுத்த சிக்கல்: ஈரப்பதம். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை 26 டிகிரி. அந்தக் காற்றில் 26 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பொருளின்மேலும் நீர் படியும். ஐந்து டிகிரியில் இருந்து வெளியே வரும் ஃபட்ஜ் உடனே வியர்க்கும். படிந்த நீர் மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும்; பிறகு காயும்போது வெள்ளைப் பூச்சாக விட்டுச் செல்லும். பூஞ்சைக்கு அது விருந்து. தட்டைப் பெட்டியில் வைக்கும் முன்பே நெகிழித்தாளால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். வெளியே எடுத்த பின்னும், உள்ளே இருப்பது அறைவெப்பத்தை நெருங்கும்வரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தாளைப் பிரிக்கக் கூடாது. நீர் தாளின்மேல் படியும், ஃபட்ஜின்மேல் அல்ல. வெட்டுவதைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே செய்ய நினைப்பவர்கள் மின்விசிறிக்கு அடியில் வெட்ட வேண்டாம். ஈரக்காற்றை விசிறி இன்னும் விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் விரிசல் விழாது.

சில நாள் கழித்து ஃபட்ஜ் நறநறப்பதும் உண்டு. பாகு காய்ச்சாத ஃபட்ஜில் இது எப்படி என்று கேட்கத் தோன்றும். டின்பாலில் 180 கிராம் சர்க்கரை, டார்க் சாக்லேட்டில் ஏறத்தாழ 225 கிராம், மொத்தம் 405. தண்ணீரோ 108 கிராம். அறைவெப்பத்தில் அதில் 220 கிராம் அளவே கரையும். 60 டிகிரியில் 310 கிராம், 80 டிகிரியில் 390 கிராம் கரையக்கூடும். கலவை நெடுநேரம் அதிகச் சூட்டில் கிடந்தால், ஆலையில் அரைக்கப்பட்ட நுண்ணிய சர்க்கரைத் துகள்கள் ஏறத்தாழ எல்லாமே கரைந்துவிடும். ஆறிய பிறகு அந்த உபரி மறுபடி படிகமாகும்போது அரைவைக் கல்லின் கட்டுப்பாடு அதற்கு இல்லை. பெரிய படிகமாக வளரும். கோழிக்குழம்பைப்போல் ஃபட்ஜை மூன்று மணி நேரம் குக்கரில் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். உருகிக் கலந்ததும் எடுத்துவிட வேண்டும். நறநறத்துவிட்ட ஃபட்ஜைப் பாலோடு மீண்டும் சூடாக்கினால் ஐஸ்கிரீமுக்கு ஊற்றும் நல்ல சாக்லேட் குழம்பு கிடைக்கும்.

பருப்பு சேர்ப்பதானால் வறுத்து, முழுதாக ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். வறுக்கும்போது ஈரம் போய் மொறுமொறுப்பு வரும். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆனால் டார்க் சாக்லேட்டின் லேசான கசப்புக்கு, உப்புத் தூவி வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை (நிலக்கடலை) இன்னும் நன்றாகச் சேரும். பேரீச்சை, உலர்திராட்சை போன்றவை ஈரத்தைக் கொண்டுவரும் என்பதால் அளவாகப் போட வேண்டும். பழச்சாறு, பழக்கூழ் கூடவே கூடாது. நீரும் அமிலமும் சேர்ந்து பால்புரதத்தைத் திரித்துவிடும்.

ஸ்லோ குக்கர் இல்லாத வீடுகளில் மின்சார அரிசி குக்கரின் வார்ம் நிலை அதே வேலையைச் செய்யும். சோற்றைக் கெடாமல் வைக்கப் பெரும்பாலான குக்கர்கள் அந்த நிலையில் 60 முதல் 75 டிகிரிக்குள் நிற்கின்றன. சாக்லேட்டுக்கு வேண்டியதும் அதுவே. குக் பொத்தானை அழுத்தக் கூடாது. அடியிலுள்ள காந்த விசை பாத்திரம் நூறு டிகிரியைத் தாண்டிய பிறகுதான் விடுபடும். அதற்குள் சாக்லேட் கருகிவிடும். அலுமினியப் பாத்திரம் விரைவில் சூடேறுவதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். எந்தக் கருவியானாலும் திறக்காத டின்னை அப்படியே உள்ளே வைத்துச் சூடாக்குவது ஆபத்து; உள்ளழுத்தத்தில் டின் வெடிக்கலாம்.

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு இடையே எண்ணெய்த்தாள் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கலாம். உறைநிலைப் பெட்டியில் மூன்று மாதம். உறைந்ததை முதலில் ஒரு நாள் கீழ்த்தட்டுக்கு மாற்றி, பிறகே வெளியே எடுக்க வேண்டும். புதுச்சேரி வெயிலில் வெளியே வைத்தால் ஒரு நாளுக்குள் உண்டுவிட வேண்டும். வீட்டில் செய்து விற்க நினைப்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின்கீழ் பதிவு கட்டாயம். காம்பவுண்ட் பயன்படுத்தியிருந்தால் தாவரக் கொழுப்பு என்று பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். அனுப்பும் தொலைவு அதிகமானால் பகலில் அனுப்பாமல், ஐஸ் பொதியோடு இரவுப் பேருந்தில் அனுப்புவதே உகந்தது.